இடையில் அறாத மருந்து



"முதல்ல அதை விட்டுட்டு வாப்பா, அப்புறம் மாத்திரையைப் பாக்கலாம்." அரசு மருத்துவமனையில் சில காலம் வேலை பார்த்த எவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் பெரும்பாலும் இரக்கம் உள்ளவர்தான். கையில் ஊசித் தழும்புகளோடு எதிரே நிற்பவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார், விலையுயர்ந்த மருந்து வீணாகும், அரைகுறையாகச் சாப்பிட்டால் நோய் முற்றும் என்ற கவலையில்தான் அப்படிச் சொல்கிறார். இன்று அந்தப் பேச்சை மறுத்துப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் போதைப்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவருக்கு எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். அந்த மருந்தில் அவர் நிலைத்திருப்பது அவருடைய மன உறுதியைக் காட்டிலும் நாம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளையே பொறுத்திருக்கிறது. அந்த ஏற்பாடுகள் மருந்து இருக்கும் காலமெல்லாம் இருந்தாக வேண்டும். இந்த மூன்றில் கடைசியானதைத்தான் நாம் மிகுதியாக மறந்துபோகிறோம் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவைக் கொண்டு பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் தொற்று வெளிப்பட்டது. அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகளில் நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து வேறு விதமான செய்தி வந்தது. மியன்மார் எல்லையை ஒட்டிய மணிப்பூரில் இளைஞர்கள் ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊசி பல கைகளுக்குப் போயிற்று. 1989-90இல் அவர்களிடையே நுழைந்த தொற்று, ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேரைப் பிடித்துவிட்டது. பாலுறவு வழியே ஆண்டுக்கணக்கில் பரவும் வைரஸ், ஊசி வழியே மாதக்கணக்கில் பரவிவிடும் என்பதை இந்தியா அப்போது கண்டது.

அந்த வேறுபாடு இன்றும் மாறவில்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 0.21 சதவீதம். அதே ஆண்டின் தேசியக் கண்காணிப்பில், ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடம் அது 9 சதவீதம். நாற்பது மடங்குக்கும் மேல்.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்துச் சிகிச்சை தருகிறது. தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல், நோய் எதிர்ப்புத் திறனைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக் காத்திருப்பதும் இல்லை. தொற்று உறுதியானால் உடனே மருந்து. இன்று தரப்படும் டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை, நாளுக்கு ஒன்று. உணவுக்கு முன், பின் என்ற கெடுபிடிகூட இல்லை. இவ்வளவு எளிமையாகிவிட்ட ஒரு சிகிச்சை, மிகவும் தேவைப்படுகிறவர்களிடம் ஏன் தங்குவதில்லை? 2013இல் இந்தியாவின் 15 நகரங்களில், ஊசி பயன்படுத்துவோர் 14,000 பேருக்கு மேற்பட்டோரைச் சந்தித்து நடத்திய ஆய்வில், தொற்று இருந்தவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே அது தங்களிடம் இருப்பது தெரிந்திருந்தது. அறிந்தவர்களில் மருந்தைத் தொடங்கியவர்கள் இன்னும் குறைவு; தொடங்கியவர்களில் வைரஸ் அடங்கும்வரை தொடர்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துகொண்டே போகிறார்கள்.

"இவர்கள் சாப்பிட மாட்டார்கள்" என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1996இலிருந்து 2006வரை கூட்டு மருந்தை முதன்முறையாகத் தொடங்கிய 3,116 பேரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 915 பேர் ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிய வரலாறு உள்ளவர்கள். ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உயிர் பிழைத்திருந்தோர் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் இடையே புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அந்த மாகாணத்தில் மருந்தும் மருத்துவமும் இலவசம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், போதைப்பொருள் பயன்படுத்துவோரில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், இது மற்ற நோயாளிகளின் நிலையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்றே கண்டார்கள்.

அரைகுறையாகச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகும் என்ற அச்சத்துக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. பழைய கூட்டு மருந்தில் இருந்த எஃபாவிரென்ஸ் உடம்பில் நெடுநாள் தங்கும். மூன்று மருந்துகளையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மற்ற இரண்டும் வெளியேறிய பின் இது மட்டும் தனியாக நிற்கும். தனி மருந்தைப் பழகிக்கொள்வது வைரஸுக்கு எளிது. டோலுடெக்ராவிரை எதிர்க்கும் திறனை வைரஸ் அவ்வளவு சுலபத்தில் பெறுவதில்லை. ஆனாலும் மருந்து நின்றால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரஸ் ரத்தத்தில் மறுபடி தலைகாட்டும். ஆகவே ஓரிரு மாத்திரை தவறுவது நம் முதல் கவலை ஆகாது. ஒருவர் மையத்துக்கு வருவதையே நிறுத்தும் அந்த நீண்ட இடைவெளிதான் உயிரைத் தின்பது.

அந்த இடைவெளி எப்படித் தொடங்குகிறது என்பதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். "நேத்து மாத்திரை போடல சிஸ்டர். சரக்கு போட்டிருந்தேன்." இதை மறதி என்று குறித்துக்கொண்டு விடுகிறோம். அது மறதி ஆகாது. போதையும் மாத்திரையும் உடம்பில் ஒன்று சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று அவர் நம்புகிறார். நம்பி, யோசித்து, மாத்திரையைத் தவிர்க்கிறார். அமெரிக்காவின் அட்லாண்டாவில் உளவியலாளர் சேத் கலிச்மனும் அவர் குழுவினரும் இந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கை உள்ளவர்கள், போதை தெளிந்த நாட்களிலும்கூட அது உடம்பை விட்டு முற்றிலும் போகவில்லை என்று எண்ணி மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த நம்பிக்கையை விதைத்தவர்களில் நாமும் உண்டு. "மாத்திரை சாப்பிடுற, குடிக்காதே" என்று சொல்லி அனுப்புகிறோம். குடிப்பதை நிறுத்த முடியாதவர் அந்த அறிவுரையை எந்தப் பக்கத்திலிருந்து நிறைவேற்றுவார்? மாத்திரையைத்தான் நிறுத்துவார். குடிப்பது ஈரலுக்குக் கேடு, குறைத்துக்கொள்ளச் சொல்லலாம், சொல்ல வேண்டும். அதே மூச்சில், போட்ட நாளானாலும் போடாத நாளானாலும் மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். செவிலிய மாணவியர் இன்று ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு போவதாக இருந்தால், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஹெராயின், பிரவுன் சுகர், வலி நிவாரண மாத்திரைகள் போன்ற அபின் வகைகளுக்கு வருவோம். இவற்றுக்குப் பழகிய உடம்பு, சில மணி நேரம் கிடைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். மூக்கு ஒழுகும், எலும்பு வலிக்கும், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. காலையில் எழுந்தவருக்கு அன்றைய முதல் வேலை அந்த வேதனையைத் தணிப்பது. வரிசையில் நின்று சீட்டு வாங்கி, எடை பார்த்து, ஆலோசகரைப் பார்த்து, மருந்தகத்தில் காத்திருக்கும் அரை நாளுக்கு அந்த உடம்பு ஒத்துழைக்காது. இந்த இடத்தில்தான் மாற்று மருந்துச் சிகிச்சை வருகிறது. மெத்தடோன் அல்லது பியூப்ரினார்ஃபினை அளவாக நாள்தோறும் தந்தால் முறுக்கல் அடங்கும், ஊசியைத் தேடி ஓடவேண்டியதில்லை, ஒரு நாளைத் திட்டமிட முடியும். இவை இரண்டும் 2005இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. நம் நாட்டில் ஓ.எஸ்.டி. எனப்படும் மாற்று மருந்து மையங்களில் பியூப்ரினார்ஃபினை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடுவார்கள். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கட்டுரை, மாற்று மருந்து பெறுவோர் எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றும், வைரஸ் அடங்கும் வாய்ப்பு 45 சதவீதம் கூடுதல் என்றும் காட்டியது. அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இரண்டு மருந்துகளை இரண்டு கட்டடங்களில் இரண்டு மருத்துவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் எழுதினால் என்ன ஆகும்? மெத்தடோன் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு எஃபாவிரென்ஸ் தொடங்கினால், கல்லீரல் மெத்தடோனை வேகமாகச் சிதைக்கும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். பத்துப் பதினைந்து நாட்களில் முறுக்கல் திரும்பும். அவர் வந்து "டோஸ் பத்தல சார்" என்பார். போதைக்காரர் பொய் சொல்லிக் கூடுதலாகக் கேட்கிறார் என்று நாம் முடிவு கட்டுவோம். அவர் தெருவுக்குப் போய்த் தேவையை நிரப்பிக்கொள்வார். அல்லது எந்த மாத்திரை தொடங்கிய பிறகு இந்த வேதனை வந்ததோ அதை நிறுத்துவார். இரண்டுமே அவருடைய பார்வையில் நியாயமான முடிவுகள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்யும். அது டோலுடெக்ராவிரின் அளவையும் குறைப்பதால் அந்த மருந்தை மட்டும் நாளுக்கு இருமுறை தரவேண்டியிருக்கும். எஃபாவிரென்ஸ் இப்போது பெரும்பாலும் விலக்கப்பட்டுவிட்டது நல்லதே. காசநோய் நம்மைவிட்டுப் போகவில்லை. எச்.ஐ.வி., காசநோய், அபின் பழக்கம் மூன்றும் ஒரே உடம்பில் இருக்கும் நோயாளியின் மருந்துச் சீட்டை ஒருவராவது முழுமையாகப் படிக்க வேண்டும். அவர் முறுக்கல் என்று சொன்னால், நேர்மையைச் சோதிப்பதற்குமுன் அந்தச் சீட்டைச் சோதியுங்கள்.

ஒருவரின் வாரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பியூப்ரினார்ஃபினுக்கு நாள்தோறும் ஓரிடம். எச்.ஐ.வி. மாத்திரைக்கு மாதம் ஒருமுறை வேறொரு மருத்துவமனை. காசநோய்க்கு இன்னொரு மையம். ஊசி பயன்படுத்தியவர் என்பதால் ஹெபடைட்டிஸ் சி இருக்க வாய்ப்பு உண்டு. 2018இலிருந்து அதற்கும் தேசியத் திட்டத்தில் இலவச மருந்து கிடைக்கிறது, ஆனால் அதற்கு நான்காவது வாசல். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை, தனி வரிசை, பேருந்துக் காசு, விடுபட்ட கூலி. கையில் வேலையும் வீடும் துணைக்கு ஆளும் இருப்பவருக்கே இது கடினம். பாலத்தின் அடியில் படுப்பவருக்கு முப்பது மாத்திரைகள் உள்ள புட்டியை எங்கே வைப்பது என்பதே பெரிய கேள்வி. பை களவு போகும், மழையில் நனையும், புட்டியைப் பார்த்தால் கூட இருப்பவர்களுக்கு நோய் தெரிந்துவிடும். கனடாவின் வான்கூவரில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நாள்தோறும் மெத்தடோன் வாங்க வருபவருக்கு அதே சன்னலில் அன்றைய எச்.ஐ.வி. மாத்திரையையும் கொடுத்தார்கள். புட்டியை அவர் சுமக்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளிலேயே மிக எளிமையானதும் மிகப் புத்திசாலித்தனமானதும் இதுதான். சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் 86ஆம் வார்டு, வீடற்றவர்களுக்காக முன்பதிவே இல்லாமல் நுழையக்கூடிய ஒரு பிரிவை 2019இல் தொடங்கியது. நேரத்துக்கு வராதவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை, ஏனென்றால் அங்கே நேரம் என்று ஒன்று குறிக்கப்படவே இல்லை.

உக்ரைன், வியட்நாம், இந்தோனேசியா மூன்று நாடுகளில் 2015இல் தொடங்கிய ஒரு ஆய்வு இத்துறையில் முக்கியமானது. ஊசி பயன்படுத்தும், எச்.ஐ.வி. உள்ள 502 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு கூட மூன்று உதவிகள்: சிடி4 எண்ணிக்கையைப் பார்க்காமலே மருந்து தொடங்கும் வாய்ப்பு, மனநல ஆலோசனை, கூடவே வந்து வழிகாட்ட ஓர் ஆள். ஓராண்டு கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் எச்.ஐ.வி. மருந்தில் இருந்தார்கள், உதவி பெற்றவர்களில் 72 சதவீதம். வைரஸ் அடங்கியவர்கள் முறையே 24, 41 சதவீதம். இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இரு பிரிவினருக்கும் அதே மாத்திரைகள்தான். 41 சதவீதம் என்பதும் பெருமைப்படும் எண் இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் வெளியே. இருந்தும், மருந்து மாறாமல் இந்த உதவிகளாலேயே சாவு பாதியாகிறது என்றால், கூட வரும் அந்த ஆளின் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்று நாம் யோசிக்க வேண்டும்.

அந்த வழிகாட்டி என்ன செய்வார்? நம் ஊரில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையங்களோடு இணைந்த களப்பணியாளர்களும், ஒரு காலத்தில் தாங்களே ஊசி பயன்படுத்திய சகத் தோழர்களும் நெடுங்காலமாகச் செய்யும் வேலைதான். அடையாள அட்டை இல்லையென்றால் அதற்கு அலைவார். வரிசையில் பக்கத்தில் நிற்பார். ஆலோசகர் சொன்னதை வெளியே வந்ததும் எளிய பேச்சில் திரும்பச் சொல்வார். இரண்டு நாளாக ஆளைக் காணோம் என்றால் எந்தச் சந்தில், எந்தக் கடை வாசலில் தேடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காவல் நிலையத்தில் இருந்தால் மாத்திரையோடு அங்கே போவார். இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் கிடையாது. நாம் அவரைத் தன்னார்வலர் என்றோ மதிப்பூதியம் பெறுபவர் என்றோ ஓரத்தில் வைத்திருக்கிறோம்.

இதற்கு மாறான முடிவு வந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், எச்.ஐ.வி.யும் போதைப் பழக்கமும் உள்ள 801 நோயாளிகளுக்கு வழிகாட்டிகளை நியமித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சந்திப்புகளுக்கு வந்தால் ஊக்கத்தொகையும் உண்டு. உதவி ஆறு மாதம் நீடித்தது. ஆறாவது மாத முடிவில் ஊக்கத்தொகையும் பெற்றவர்களிடம் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் அளந்தபோது மூன்று பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் இந்த முடிவு வந்தபோது, வழிகாட்டி முறையே பயனற்றது என்று சிலர் படித்தார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில், ஊசிப் பரிமாற்ற வண்டி வழியாகக் கண் முன்னால் மாத்திரை சாப்பிடவைத்த இன்னொரு ஆய்விலும் இதே கோலம்தான்: உதவி இருந்த ஆறு மாதம் வைரஸ் நன்றாக அடங்கியது, உதவி நின்ற அடுத்த ஆறு மாதத்தில் அந்த ஆதாயம் கரைந்தது. எச்.ஐ.வி. மாத்திரையை ஆறு மாதம் கொடுத்து நிறுத்திவிட்டு, பன்னிரண்டாவது மாதம் வைரஸ் திரும்பிவிட்டது, ஆகவே மாத்திரை பயனற்றது என்று யாரும் எழுத மாட்டார்கள். வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படும் நோய்க்கு, வாழ்நாள் முழுக்க ஒரு துணையும் சிலருக்குத் தேவைப்படும். நம் அரசு மாத்திரைக்கு நிலையான நிதி வைத்திருக்கிறது. களப்பணியாளரின் வேலையோ திட்ட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்வரைதான். நிதி தாமதமாகும் மாதத்தில் அவர் வேறு வேலை தேடிப் போகிறார். அவர் மனத்தில் இருந்த சந்துகளின் வரைபடமும் கூடவே போகிறது.

இந்தியாவில் ஒரே கூரையின்கீழ் எல்லாச் சேவைகளையும் தரும் முயற்சி ஒன்று நடந்தது. சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 22 இடங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு. அவற்றில் 12 இடங்கள் ஊசி பயன்படுத்துவோருக்கானவை. 2019இல் வந்த முடிவு எனக்கு ஒரு பெரிய பாடம். ஒருங்கிணைந்த மையத்துக்குள் வந்தவர்கள் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளும் வாய்ப்பு, வராதவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். ஆனால் ஊர் முழுமைக்குமாக எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உறுதிப்படவில்லை, ஏனென்றால் போதிய எண்ணிக்கையில் ஆட்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை. நல்ல மையம் கட்டுவது பாதி வேலைதான் என்று அந்த ஆய்வு சொல்கிறது. வாசல்வரை கூட்டிவரும் ஆட்களை மையத்துக்கு ஈடாகப் பெருக்காதவரை கட்டடம் பாதி காலியாகவே இருக்கும்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே வேண்டும். மணிப்பூரிலும் மிசோரத்திலும் ஊசி பயன்படுத்தும் பெண்களுக்கு, ஆண்கள் கூடி நிற்கும் மையத்துக்குள் நுழைவதே அவமானம். குழந்தையோடு வர இடமில்லை. பழக்கம் தெரிந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. தனி நேரமும் தனி வாசலும் கொடுத்தால் வருகிறார்கள் என்பதை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டப்படி பயன்படுத்துவதும் குற்றம். தாமாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு தர அதே சட்டம் இடமும் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவைப் பற்றி நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்று அபாயத்தைக் குறைக்கும் நடவடிக்கைகள் குற்றமாகக் கருதப்படக் கூடாது என்கிறது. சுத்தமான ஊசி தருவதும் மாற்று மருந்து தருவதும் இதில் அடங்கும். சட்டம் இப்படி இருக்க, ஓ.எஸ்.டி. மையத்தின் எதிரே காவலர் நின்று பையைச் சோதித்தால், அடுத்த நாள் அந்த மையத்துக்கு யார் வருவார்? ஒருவர் கைதாகும்போது பியூப்ரினார்ஃபினும் எச்.ஐ.வி. மாத்திரையும் அன்றே அறுந்துபோகும். சிறைக்குள் மாற்று மருந்து தருவது இந்தியாவில் முடியாத காரியம் இல்லை. திகார் சிறையிலேயே நடந்திருக்கிறது. விடுதலைக்குப் பின் வரும் நாட்கள் இன்னும் ஆபத்தானவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2007இல் வெளியான ஆய்வின்படி, சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல். பெரும்பாலும், பழைய அளவைத் தாங்காத உடம்பில் பழைய அளவையே ஏற்றுவதால்.

மாற்று மருந்தை ஒரு அரசு ஒரே நாளில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குக் கிரிமியா சாட்சி. உக்ரைனின் பகுதியாக இருந்தவரை அங்கே சுமார் 800 பேர் மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் பெற்றுவந்தார்கள். 2014இல் ரஷ்யா அதை இணைத்துக்கொண்டது. ரஷ்யச் சட்டத்தில் மாற்று மருந்துக்கு இடமில்லை. சில மாதங்களுக்குள் சிகிச்சை மூடப்பட்டது. அவர்களில் 80 முதல் 100 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று ஐ.நா.வின் அப்பகுதிக்கான எய்ட்ஸ் தூதர் மிஷெல் கசாச்கின் 2015 தொடக்கத்தில் கூறினார். அதே உக்ரைன், 2022இல் குண்டு விழும் நாட்களில் மாற்று மருந்தை வாரக்கணக்கில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. நம் நாட்டிலும் 2020 ஊரடங்கின்போது பியூப்ரினார்ஃபினைப் பல நாட்களுக்குச் சேர்த்துக் கொடுக்க அனுமதித்தார்கள். நாள்தோறும் நேரில் வந்தே ஆகவேண்டும், கையில் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்று அதுவரை சொல்லிவந்தோம். நெருக்கடி வந்ததும் நம்பிக் கொடுத்தோம். நெருக்கடி முடிந்ததும் அந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்ன காரணம் என்று நம் மருத்துவத் துறையை நான் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகள் பழையன ஆகிவிடவில்லை. டேபெண்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். படிக்கும்போது நாம் பார்ப்பது கைது எண்ணிக்கையையும் பிடிபட்ட மாத்திரைகளின் எண்ணிக்கையையும்தான். அந்த இளைஞன் கையில் சீழ்க்கட்டியோடு அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நாள் ஒன்று உண்டு. கட்டியைக் கீறிக் கட்டுப்போட்டு அனுப்பும் அந்தப் பத்து நிமிடத்தில், அவனைத் திட்டாமல், அவன் சம்மதத்தோடு ஒரு எச்.ஐ.வி. சோதனையும் ஒரு ஹெபடைட்டிஸ் சி சோதனையும் செய்ய முடியும். ஓ.எஸ்.டி. மையம் எங்கே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியும். களப்பணியாளரை அழைத்து அங்கேயே அறிமுகப்படுத்தினால் இன்னும் நல்லது.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏதாவது ஒரு ஏ.ஆர்.டி. மையத்தில் உட்காரப் போகிறீர்கள். மூன்று மாதம் காணாமல் போன ஒருவர் உங்கள் மேசைமுன் வந்து நிற்பார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு இருக்கும். ஏன் வரவில்லை என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, அன்றைக்கே மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். தேவையான சோதனைகளை அதே வருகையில் முடியுங்கள். பியூப்ரினார்ஃபின் வாங்குகிறாரா, காசநோய் மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டு ஒரே சீட்டில் எழுதுங்கள். அவருக்கு எந்த நேரம் வர முடியும் என்பதை அவரிடமே கேளுங்கள். மருந்தகச் சன்னல் காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது, கூலிக்குப் போகிறவருக்கு ஏழு மணிக்குத் தேவை என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது ஏழு மணிக்குத் திறக்க உங்கள் மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் மறுபடியும் கேளுங்கள்.